தினப்படி பம்பை நிறுத்தாதீர்கள்: ஆஸ்துமாவும் கொரோனா ஐசியூவும்

வணக்கம் நேயர்களே.

2020-இல் கொரோனா பரவத் தொடங்கியபோது, வீட்டில் ஒருவருக்கு வீசிங் இருந்தால் குடும்பமே பதறியது. சாதாரணச் சளி பிடித்தாலே இழுப்பு கிளம்புகிறதே, இந்த வைரஸ் வந்தால் தாங்குவாரா என்ற பயம். நெஞ்சக மருத்துவர்களான எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது.

வூஹானிலிருந்து வந்த முதல் அறிக்கைகளில் ஒன்று எங்களை யோசிக்க வைத்தது. மருத்துவமனையில் சேர்ந்த 140 பேரில் ஒருவர்கூட தனக்கு ஆஸ்துமா இருப்பதாகச் சொல்லவில்லை. அப்புறம் பிரிட்டனிலிருந்து பெரிய கணக்கு வந்தது. 258 மருத்துவமனைகள், 75,000-க்கும் அதிகமான நோயாளிகள். ஆஸ்துமா உள்ளவர்கள் ஐசியூவுக்குப் போவது ஓரளவு கூடுதலாக இருந்தது. ஆனால் ஆஸ்துமா இருந்த ஒரே காரணத்தால் இறப்பு கூடவில்லை. இன்ஹேலரோடு வேறு மருந்துகளும் தினமும் தேவைப்படும் கடும் ஆஸ்துமாக்காரர்களிடம்தான் கூடியிருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். 50 வயதும் அதற்கு மேலும் ஆன ஆஸ்துமாக்காரர்களில், ஸ்டீராய்டு இன்ஹேலர், அதாவது மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்க தினமும் இழுக்கும் பம்பு, இழுத்துவந்தவர்களிடம் இறப்பு குறைவு. அந்த இன்ஹேலர்தான் காப்பாற்றியது என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தால் கொரோனாவில் ஆபத்து என்று அப்போது ஊரில் இருந்த பேச்சுக்கு அங்கே ஆதாரமே இல்லை.

சரி, ஐசியூவில் என்ன சிக்கல்? இப்போதே ஒன்று செய்து பாருங்கள். மூச்சை நன்றாக இழுங்கள். பாதியை மட்டும் விடுங்கள். மறுபடி இழுங்கள், மறுபடி பாதியை விடுங்கள். மூன்றாவது தடவையிலேயே நெஞ்சு அடைக்கிறது இல்லையா? ஆஸ்துமா முற்றும்போது நடப்பது அதுதான். காற்று உள்ளே போகிறது, வெளியே வர நேரம் போதவில்லை. கொரோனா நிமோனியாவில் வேறு கதை. நுரையீரல் விறைத்துப்போய் ஆக்சிஜன் ரத்தத்தில் கலப்பதில்லை. அதற்கு வென்டிலேட்டரில் சிறு சிறு மூச்சாக, வேகமாகக் கொடுப்போம். ஆஸ்துமாவுக்கோ மெதுவாகக் கொடுத்து, காற்று வெளியேற நிறைய நேரம் விட வேண்டும். இரண்டும் ஒருவருக்கே வந்தால் வென்டிலேட்டரை ஓயாமல் மாற்றி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், தையல் தொழில். மூச்சு விடும்போது விசில் சத்தம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாலே கேட்டது. வீட்டில் சாப்பிட்ட மருந்தையெல்லாம் கொண்டுவாருங்கள் என்று மனைவியிடம் சொன்னோம். மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்தார். உள்ளே நீல நிற அவசர பம்புகள், எல்லாம் காலி. அடியில் தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர், பெட்டிகூடப் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்தால், எத்தனை டோஸ் மீதி என்று காட்டும் சிறு கட்டத்தில் 120 அப்படியே இருக்கிறது. "ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், கொரோனா ஒட்டிக்கும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க டாக்டர்" என்றார் அந்த அம்மா. யார் மேலும் கோபம் வரவில்லை எனக்கு. ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. அவர் பிழைத்து வீடு திரும்பினார். ஆனால் குழாயோடு கிடந்த நாட்களில் பாதி, கொரோனாவால் அல்ல, அடங்காத இழுப்பால் வந்தவை என்றே நினைக்கிறேன்.

இந்த ஸ்டீராய்டு பயத்தைப் பற்றி எங்கே பேசினாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். பலர் இழுக்கும் அளவு நாளைக்கு 400 மைக்ரோகிராம். இழுப்பு முற்றினால் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். நூறு மடங்கு! இரண்டும் வேறு வேறு மருந்து, அப்படியே ஒப்பிட முடியாது என்றாலும் அளவு புரிகிறதல்லவா? இன்ஹேலர் என்பது புண் இருக்கும் இடத்தில் மட்டும் களிம்பு தடவுவது போல. அதை விட்டால்தான் மாத்திரையில் போய் நிற்க வேண்டிவரும். பிரிட்டனில் 1 கோடியே 70 லட்சம் பேரின் பதிவுகளை அலசியபோது, அண்மையில் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்ட ஆஸ்துமாக்காரர்களிடம்தான் கொரோனா இறப்பு சற்றுக் கூடியிருந்தது. மற்ற ஆஸ்துமாக்காரர்களிடம் கூடவில்லை. மறுபடி சொல்கிறேன்: பெயர் ஆஸ்துமா என்பதால் அல்ல, கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா என்பதால்.

ஊரே பயந்த அதே ஸ்டீராய்டுதான் ஐசியூவில் கைகொடுத்தது. 2020 ஜூனில் பிரிட்டனிலிருந்து வந்த ரெக்கவரி என்ற கொரோனா மருந்து ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரிடம் இறப்பு 41 சதவீதம், டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்துப் பெற்றோரிடம் 29. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. வீட்டில் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வது தவறு என்பது அதனால்தான்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பம்பை எப்படிப் பிடிப்பது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பம்பின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குடுவை வாங்கிக்கொள்ளுங்கள், மருந்து தொண்டையில் படியாமல் நுரையீரலுக்குப் போகும். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், வாய்ப்புண் வராது. நீல பம்பு அடிக்கடி தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சல் வந்தாலும் தினப்படி இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். வணக்கம்.