ஏலம் போன மீனும் எழுதிய தீர்ப்பும்

நடுவர் அவர்களுக்கும் நாகர்கோவில் மக்களுக்கும் வணக்கம். மிச்ச வணக்கத்தை எங்கள் அணித்தலைவர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

உயர் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திரும்பிப் பார்க்கலாம், அதாவது சீராய்வு செய்யலாம் என்கிறோம். எதிரணி அண்ணன் கேட்டார்: "குளச்சலில் ஏலம் போன மீனைத் திருப்பி எடுப்பார்களா?" நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது, அண்ணன் ஒரு நாளாவது மீன் வாங்கியிருப்பாரா என்று!

எங்கள் சித்தி ஒரு கூடை சாளை ஏலத்தில் எடுத்தார். மேலே பளபளப்பு. வீட்டில் கொட்டினால் அடியில் முழுக்க முந்தாநாள் மீன். சித்தி புளிமுளம் குழம்பு வைக்கவில்லை, கூடையோடு திரும்பிப் போனார். "ஏலம் முடிஞ்சாச்சு" என்றார் விற்றவர். சித்தி பேசவில்லை. ஒரு மீனை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். நடுவரே, கவனியுங்கள், மூக்குக்கு நேரே! அவர் மூக்கை இடப்பக்கம் திருப்பினார், மீனும் இடப்பக்கம் போனது. வலப்பக்கம் திருப்பினார், மீனும் வலப்பக்கம். பணம் வந்துவிட்டது! ஆனால், "விலை கூடிப்போச்சு" என்று மட்டும் சித்தி போயிருந்தால் காலணா பெயர்ந்திருக்காது.

சட்டமும் அதுதான் அண்ணே. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 47. எவ்வளவோ தேடியும் அப்போது கிடைக்காத ஆதாரம் இப்போது வந்தால், பார்த்த உடனே தெரிகிற பிழை இருந்தால், அதுபோலப் போதிய காரணம் இருந்தால் சீராய்வு கேட்கலாம். தீர்ப்பு வந்ததிலிருந்து 30 நாள் கெடு. தோற்ற வாதத்தையே மறுபடி அவிழ்க்க முடியாது. சிவ்தேவ் சிங் வழக்கு என்று ஒன்று: தன்னைச் சேர்க்காமலே நடந்த வழக்கில் ஒருவருக்கு எதிராக உத்தரவு. உயர் நீதிமன்றம் அதைத் திரும்பக் கேட்டது. உச்ச நீதிமன்றம் சரி என்றது.

"டெல்லிக்கு அப்பீல் போகலாமே" என்பீர்கள். 2004-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரும் வரை, சென்னைக்கு ஓடிய மாவட்டம் இது. கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். நிவாரணம் கேட்டு வழக்குப் போட்டாள், கம்மலை அடகு வைத்து மதுரைக்குப் பஸ் ஏறினாள், தோற்றாள். பத்து நாள் கழித்து, தொலைந்துபோனதாக அதிகாரிகள் சொன்ன கோப்பு கிடைக்கிறது. உள்ளே அவள் கணவனின் பெயர் இருக்கிறது. அதே நீதிபதியிடம் அவள் அதைக் காட்டக் கூடாதா? டெல்லிக்குப் போக அவளிடம் இன்னொரு கம்மல் இல்லையே அண்ணே!