கல்லாறிலிருந்து குன்னூர் வரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இந்த மாலைக் குளிரிலும் உட்கார்ந்திருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

குன்னூரில் இரண்டு நாளாக நடக்கும் எழுத்தாளர் சந்திப்பின் நிறைவாக இந்தத் தலைப்பைத் தந்திருக்கிறார்கள்: 'எழுத்தாளர் கூடுகையில் பால்புதுமையினருக்கு வேண்டியது தனி அமர்வா, எல்லா அமர்விலும் இடமா?' தன் பாலினத்தவரையே நேசிப்பவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என எங்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் சொல்தான் பால்புதுமையினர். நான் கூடலூர்ப் பக்கம் பிறந்தவள். சிறுகதை எழுதுகிறேன். தன்பாலீர்ப்புள்ள பெண். தனி அமர்வு வேண்டும் என்கிற இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். "எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்களுக்கு ஏன் தனிப் பந்தி போடுகிறீர்கள்?" அக்கறையோடுதான் கேட்டார், எனக்குப் புரிகிறது. ஆனால் ஐயா, கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். முதல்நாள் ராத்திரி அத்தை பெண்கள், சித்தி பெண்கள் எல்லாரும் ஒரே அறையில் பாய் விரித்து விடிய விடியப் பேசுவார்கள். அவர்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்களா? காலையில் பந்தி பரிமாறுவதும் அவர்கள்தான். பிறர் நம்மைத் தள்ளி உட்காரவைப்பது வேறு, நாமே சேர்ந்து உட்கார இடம் கேட்பது வேறு.

எல்லா அமர்விலும் இடம் கொடுத்தால் போதும் என்கிறார்களே, அப்படிக் கொடுத்த ஒரு கூடுகையை நான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊர். நானும் கவிதை எழுதும் என் தோழி ஒருத்தியும் போயிருந்தோம். அவள் திருநங்கை. பதிவுப் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். அடையாள அட்டையில் அவள் எழுதும் பெயரை விட்டுவிட்டு, ஆதாரில் இருந்த பழைய பெயரை அச்சடித்திருந்தார்கள். நாள் முழுக்க அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே நடந்தாள். காலைக் கவியரங்கில் பொன்னாடை போர்த்தினார்கள், பலத்த கைதட்டல். இரவில் ஆண்கள் கூடத்தில் படுப்பதா, பெண்கள் கூடத்தில் படுப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. பதினோரு மணி வரை பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் நாங்கள் இருவரும் பஸ் நிலையத்துக்கே போய்விட்டோம்.

நடத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை. திட்டம் போட்ட மேசையில், இதை யோசித்துப் பார்க்கக்கூடிய ஒருவர்கூட இல்லை. தனி அமர்வு என்று ஒன்று இருந்திருந்தால் அதை நடத்த எங்களில் நாலு பேர் அந்த மேசைக்குப் போயிருப்போம். அட்டையில் எந்தப் பெயர், யாருக்கு எந்த அறை, யாரைப் படம் எடுக்கக் கூடாது என்று முதல் நாளே பேசியிருப்போம். படம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் இன்னும் சொல்லாத ஒரு பையனின் முகம், கூட்டம் முடிவதற்குள் வாட்ஸப்பில் அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்துப் பேசிய அக்கா, இலக்கியத்துக்கு ஆண் பெண் பேதம் கிடையாது என்றார். இலக்கியத்துக்கு இல்லாமல் இருக்கலாம், தமிழ் வினைமுற்றுக்கு இருக்கிறதே அக்கா! 'வந்தார்' என்ற மரியாதைச் சொல்லை விட்டால், வந்தான், வந்தாள் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் வாக்கியத்தை முடிக்க முடியும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயரை உயர்திணையில்தான் வைத்தார். அதற்கென்று சொந்த ஈறு கிடையாது, மற்றப் பாலின் ஈற்றைக் கொண்டே முடியும் என்றும் சேர்த்துச் சொன்னார். திணையில் இடம் உண்டு, சொந்த ஈறு கிடையாது. என் நிலைமையும் அதுவாகத்தான் இருந்தது. என் முதல் பன்னிரண்டு கதைகளிலும் காதலிக்கிறவன் ஓர் ஆண். நான் ஒரு பெண்ணிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் அவன் வாயில் போட்டு எழுதினேன். அந்தக் கதைகளைப் பொது அமர்வுகளில் வாசித்தேன், பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

பதின்மூன்றாவது கதையில் 'அவன்' எல்லாவற்றையும் அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதினேன். அதை முதலில் ஒன்பது பேர் மட்டும் உட்கார்ந்திருந்த ஓர் அறையில்தான் வாசித்தேன். தன்பாலீர்ப்பு என்றால் என்ன என்று அங்கே விளக்க வேண்டியிருக்கவில்லை. முடித்ததும் ஒருவர், "இரண்டாம் பக்கம் இழுக்கிறது, வெட்டுங்கள்" என்றார். எனக்குக் கிடைத்த முதல் உண்மையான விமர்சனம் அதுதான். மற்ற இடங்களில் என் தைரியத்தைத்தான் பாராட்டுவார்கள், கதையை யாரும் தொடுவதில்லை.

பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அம்மா 2019இல் பத்மஸ்ரீ வாங்கியது நடனத்துக்காக, திருநங்கை என்பதற்காக இல்லை என்று எதிரணியில் சொன்னார்கள். முழுக்க உண்மை. ஆனால் மதுரையிலிருந்து நடன குரு தஞ்சாவூர்க் கிட்டப்பா பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் தனியாகப் போகவில்லை. சிறு வயது முதல் சக்தி என்ற தோழி கூடவே இருந்தார். மேடைக்கு முன்னால் துணை இருந்தது.

சட்டம்தான் மாறிவிட்டதே, இனி எதற்குத் தனியாக என்றும் கேட்டார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் எங்களை விடுவித்தது. சரி. அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்குள், மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் பெற்றோரிடமிருந்து பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓர் உளவியலாளர் முன் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகே 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதியே இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கிக் கேட்டார் என்றால், எழுதுகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? எங்களை மரியாதையாகக் குறிப்பிடும் சொற்களின் பட்டியல் 2022இல் அரசிதழில் வெளிவந்ததும் அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான்.

நடுவர் அவர்களே, நீங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வந்ததாகச் சொன்னீர்கள். உதகை வரை 46 கிலோமீட்டர். கல்லாறு வரைக்கும் சாதாரணத் தண்டவாளம்தான். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பற்கள் வைத்த சட்டம் வந்துவிடுகிறது, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது, இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். குன்னூர் தாண்டினால் பல்சக்கரம் இல்லாமலே அதே பெட்டிகள் உதகைக்குப் போகின்றன. அந்தச் செங்குத்தான ஏற்றம் இருக்கும் தூரத்துக்குத்தான் நாங்கள் தனி அமர்வு கேட்கிறோம். இன்னும் கல்லாறிலேயே நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகள் இந்த மலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

ஒன்பது பேர் கேட்ட அந்தக் கதையை இன்று காலை இதே அரங்கில், பொதுச் சிறுகதை அமர்வில் வாசித்தேன். இரண்டாம் பக்கத்தை வெட்டிவிட்டுத்தான் வாசித்தேன். இருவருமே 'அவள்'. முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து கல்லூரி வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "அக்கா, அந்த ஒன்பது பேர் மறுபடி எப்போது கூடுவார்கள்?" என்று மட்டும் கேட்டாள். நாளைக் காலை பத்து மணிக்கு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஓர் அறை வேண்டும், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.