ரயில் கடக்கும் வரை நின்ற நாடகம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் நான் இருந்த பத்து ஆண்டுகளில் ஏழு சிகாகோவில் கழிந்தன, மூன்று நியூயார்க்கில். பிழைப்புக்குக் கணினி வேலை. மாலையானால் நாடகம், பாட்டு என்று தேடிப் போய்விடுவேன். அந்தப் பழக்கத்தால் இரண்டு ஊர்களின் கலை வாழ்க்கையையும் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது.

சிகாகோவில் முதல் குளிர்காலம். நகரின் வடக்கே ஒரு பழைய கடை. தெருப் பக்கக் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். உள்ளே ஐம்பது மடக்கு நாற்காலிகள். வாசலில் டிக்கெட் கொடுத்த பெண்ணே என் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், மகனைப் பறிகொடுத்த தாயாக அவர்தான் எங்கள் முன்னால் நிற்கிறார். உயரமான மேடையெல்லாம் கிடையாது. முதல் வரிசையில் இருந்த என் காலுக்கும் அவர் காலுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தால் அதிகம். பாதி நாடகத்தில், பின்புறம் இரும்புப் பாலத்தின் மேல் ரயில் போனது. சுவர் அதிர்ந்தது. அவர் பேச்சை நிறுத்தி, மேசையில் ஆடிய கோப்பையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரயில் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்தத் தாய் ரயில் பாதையோரம் பல வருஷமாகக் குடியிருப்பவள் என்றே எனக்குப் பட்டது.

இப்படிக் கடைகளில் நடக்கும் நாடகங்களை அங்கே ‘ஸ்டோர்ஃப்ரண்ட் தியேட்டர்’ என்பார்கள். சிகாகோ நாடகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஜான் மால்கோவிச், கேரி சினிஸ், லாரி மெட்காஃப் போன்ற நடிகர்கள் வளர்ந்த ஸ்டெப்பன்வுல்ஃப் குழு 1974-ல் தொடங்கியது. நகரை அடுத்த ஹைலண்ட் பார்க்கில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், 88 இருக்கைகளோடு அவர்கள் நாடகம் போட்டார்கள். அந்த ஊரின் நாடக விருதான ஜோசப் ஜெஃபர்சன் விருதிலும், நடிகர் சங்க ஒப்பந்தம் இல்லாத சின்னக் குழுக்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. சம்பளம் பெரிதாக இல்லாதவர்களின் உழைப்பையும் ஊர் கூடி மதிப்பிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

சரி, நியூயார்க்குக்கு வருவோம். பிராட்வே என்பது ஒரு தெருவின் பெயர். ஆனால் பிராட்வே அரங்குகள் என்று சொல்லப்படும் 41 அரங்குகளில் பெரும்பாலானவை அந்தத் தெருவில் இல்லை, டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றிய குறுக்குத் தெருக்களில்தான் இருக்கின்றன. கணக்கு இருக்கையை வைத்து: 500 இருக்கையோ அதற்கு மேலோ இருந்தால் பிராட்வே, 100 முதல் 499 வரை ஆஃப் பிராட்வே, அதற்கும் கீழே இன்னொரு ‘ஆஃப்’ சேர்ந்துவிடும். ஒரு பெரிய இசை நாடகத்தை அங்கே மேடையேற்ற ஒரு கோடி டாலருக்கு மேல் ஆகிறது. போட்ட பணம் திரும்பும் வரை வாரம் எட்டுக் காட்சி ஓடியாக வேண்டும். ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா’ என்ற இசை நாடகம் 1988 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை ஒரே அரங்கில் நடந்தது. அந்தத் துல்லியம் எனக்குப் பெரிய வியப்பு. ஆயிரமாவது தடவையும் விளக்கு அதே நொடியில் விழும், குரல் அதே உயரத்தைத் தொடும். ஆனால் அவ்வளவு பணம் புரளும் இடத்தில் தடுமாறிக் கற்றுக்கொள்ள முடியாது. கற்றுக்கொண்டுதான் வர வேண்டும்.

இதை இரண்டு ஊர்களிலும் ஒரே மாதிரியான ஒரு நிகழ்ச்சியில் கண்ணாரப் பார்த்தேன். இரண்டிலும் ரசிகர்கள்தான் நீதிபதிகள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அப்பல்லோ அரங்கில் புதன்கிழமைகளில் நடக்கும் ‘அமெச்சூர் நைட்’ 1934-ல் தொடங்கியது. அந்த ஆண்டே பின்னாளில் பெரிய ஜாஸ் பாடகியான எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், 17 வயதில் அங்கே நடனமாட வந்தார். தமக்கு முன்னால் ஆடிய சகோதரிகளைப் பார்த்ததும் துணிவு போய், ஆடாமல் பாடினார். பரிசும் வாங்கினார். இன்றும் போட்டியாளர்கள் மேடையோரம் இருக்கும் ஒரு மரத்துண்டைத் தொட்டுக் கும்பிடாத குறையாகத்தான் நுழைகிறார்கள். பாட்டு பிடிக்கவில்லையென்றால் கூட்டம் கூச்சல் போடும், துடைப்பத்தோடு ஓர் ஆள் ஆடிக்கொண்டே வந்து பாடுபவரை மேடையிலிருந்து பெருக்கித் தள்ளுவார். நான் போன இரவில் ஒரு பையன் பல்லவியைக்கூட முடிக்கவில்லை. வெளியேறும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

சிகாகோவில் கிரீன் மில் என்ற பழைய பாரில் ஞாயிற்றுக்கிழமை கவிதைப் போட்டி. கட்டட வேலை பார்த்த மார்க் ஸ்மித் என்ற கவிஞர் 1986-ல் அங்கே தொடங்கியதுதான் இன்று ஊர் ஊராகப் பரவியிருக்கும் ‘பொயட்ரி ஸ்லாம்’. கவிதை சலித்தால் விரலைச் சொடுக்குவார்கள், இன்னும் மோசமென்றால் காலைத் தரையில் தட்டுவார்கள். ஒரு முதியவர், மனைவி விட்டுப்போன சமையல் பாத்திரங்களைப் பற்றி நீளமாக ஒரு கவிதை வாசித்தார். காலால் தட்டினார்கள். சிரித்துக்கொண்டே இறங்கினார். அடுத்த ஞாயிறும் அதே கவிதை, கொஞ்சம் சுருக்கி. மறுபடி சொடுக்கு. மூன்றாவது தடவை வந்தபோது ஒரே ஒரு இரும்புச் சட்டியும், அதன் கைப்பிடியில் சுற்றியிருந்த துணியும் மட்டும்தான் கவிதையில் மிச்சம். அறையில் ஒரு சத்தமும் இல்லை. கடைக்காரர்கூடக் கண்ணாடிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அந்த ஊருக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? வாடகை குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, ‘இரண்டாம் நகரம்’ என்ற பட்டம். 1952-ல் ஏ. ஜே. லீப்ளிங் என்ற பத்திரிகையாளர் நியூயார்க்கிலிருந்து வந்து தங்கி, சிகாகோவை அப்படி இளப்பமாக எழுதினார். 1959-ல் ஒரு நகைச்சுவைக் குழு அந்தப் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டது: செகண்ட் சிட்டி. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் சில்ஸின் தாய் வயோலா ஸ்போலின், குடியேறிகளின் பிள்ளைகளுக்காக விளையாட்டுகள் உருவாக்கியவர். அந்த விளையாட்டுகளிலிருந்துதான் எழுதாமல் மேடையிலேயே நாடகத்தை உண்டாக்கும் முறை அங்கே வளர்ந்தது. ரசிகர் ஒரு சொல்லைக் கொடுப்பார், நடிகர்கள் அதிலிருந்து ஒரு காட்சியைக் கட்டுவார்கள். பத்தில் ஆறு படுத்துவிடும். பார்ப்பவர்களுக்கும் அது தெரியும்.

அதற்காக நியூயார்க்கைப் பணத்தின் ஊர் என்று மட்டும் சொன்னால் அநியாயம். அதே 1959-ல், சென்ட்ரல் பூங்காவில் இலவசமாக ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டுவந்த ஜோசப் பாப்பிடம், புல்தரை பாழாகிறது, ரசிகர்களிடம் கட்டணம் வாங்கு என்றார் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ். பாப் நீதிமன்றம் போய் ஜெயித்தார். 1962-ல் அங்கேயே டெலகார்ட் திறந்தவெளி அரங்கம் வந்தது. ஒரு ஜூன் மாதம் விடியற்காலையிலேயே அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் போர்வை விரித்திருந்த ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், இருபது வருஷமாகத் தவறாமல் வருவதாகச் சொல்லித் தம் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

சிகாகோவில் பழகியவர்கள் நியூயார்க்குக்குப் போவது வழக்கம். 1975-ல் நியூயார்க்கில் தொடங்கிய ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முதல் நடிகர்களில் ஒருவரான ஜான் பெலூஷி செகண்ட் சிட்டியில் வளர்ந்தவர். எதிர்த்திசையில் வந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977-ல் சிகாகோவுக்கு வந்து, ஜெஃபர்சன் தெருவில் ‘வேர்ஹவுஸ்’ என்ற நடனக்கூடத்தில் இசைத்தட்டுகளை இழைத்து ஒலிக்கவிட்டார். அந்தக் கூடத்தின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ என்று ஓர் இசைக்குப் பெயர் வந்தது. அந்தத் தெருத் துண்டுக்கு 2004-ல் நகரம் அவர் பெயரை வைத்தது.

நான் சிகாகோவை விட்டுக் கிளம்பிய நாளில் யூனியன் ஸ்டேஷனில் இரவு ரயில். நேரம் இருந்ததால் பெட்டியை இழுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கப் போனேன். அவர் எந்த ஊரிலிருந்து வந்தாரோ அந்த ஊருக்குத்தான் என் கையில் டிக்கெட் இருந்தது. தூரத்தில் இரும்புப் பாலத்தின் மேல் ரயில் ஒன்று கடந்தது. அது ஓயும் வரை நின்றுவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.

வணக்கம்.