வைக்கோல் கட்டுகளை எண்ணாதீர்கள், எடை போடுங்கள்

(மணப்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாட்டுப் பொங்கல் விழாவில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் பால் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, கோமாரித் தடுப்பூசி முகாமின்போது கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கிய கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, பந்தல் போட்டுத் தந்த இளைஞர்களே, விடியற்காலையிலேயே மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். பொன்னாடை போர்த்திய பெரியவருக்குத் தனியாக ஒரு வணக்கம். நான் கன்றுக்குட்டி மேய்த்த காலத்திலிருந்து என்னை அறிந்தவர் அவர்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். வைக்கோல் விலை ஏன் ஏறுகிறது, தவிட்டிலும் புண்ணாக்கிலும் கலப்படம், மூன்றாவது எடை.

"நுனி வீட்டுக்கு, நடு மாட்டுக்கு, அடி காட்டுக்கு" என்றார்கள் நம் முன்னோர்கள். நெல் வீட்டுக்கு, தாள் மாட்டுக்கு, அடிக்கட்டை மண்ணுக்கு. அரிவாளால் அறுத்த காலத்தில் அந்தக் கணக்கு தப்பவில்லை. இன்று அறுவடை இயந்திரம் மேலாக அறுக்கிறது. பாதித் தாள் வயலிலேயே நின்றுவிடுகிறது. விழுந்த தாளையும் ஈர வயலில் அதன் சங்கிலிச் சக்கரம் சேற்றோடு மிதித்துவிடுகிறது. மிஞ்சியதைக் கட்டும் இயந்திரத்துக்குக் கூலி, லாரி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி. கேரளத்துக்கும் டெல்டா வைக்கோல்தான் போகிறது. நம் மானாவாரிக் காட்டில் சோளத்தட்டை தீர்ந்துவிட்டால் நாமும் அந்த லாரியைத்தான் எதிர்பார்த்து நிற்கிறோம். விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஆனால் ஏறிய விலைக்காவது சரக்கு வருகிறதா?

எங்கள் தெருவில் ஓர் அத்தை, கணவர் இல்லாதவர், இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கிறார். போன கோடையில் 40 கட்டு வாங்கினார். கட்டுக்கு 15 கிலோ என்று சொல்லி இறக்கினார்கள். ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்த அத்தை என்னைக் கூப்பிட்டார். "தம்பி, என் வயதுக்கு இதை ஒரு கையால் தூக்குகிறேனே, இது எப்படி 15 கிலோ?" ஆடு நிறுக்கும் தொங்கு தராசை வாங்கி வந்து வேப்பமரக் கிளையில் கட்டினேன். முதல் கட்டு 11 கிலோ. அடுத்தது ஒன்பதரை. மூன்றாவது 12. அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எல்லாவற்றையும் போடு" என்றார். தெருவே கூடிவிட்டது. நாற்பதையும் நிறுத்து முடித்தபோது கரிக்கட்டியால் சுவரில் எழுதிய கூட்டுத்தொகை 430 கிலோ. 600 இருக்க வேண்டும். அவருடைய மாடுகள் இரண்டும் நாளைக்குப் பத்துக் கிலோ தின்னும். குறைந்த 170 கிலோ, பதினேழு நாள் தீனி! அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மாடு கட்டை எண்ணியா தம்பி தின்கிறது?"

வியாபாரியைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. அவரும் எண்ணித்தான் வாங்கினார். கட்டும் இயந்திரத்துக்குக் கூலியே கட்டுக் கணக்கில்தான். தளர்வாகக் கட்டினால் எண்ணிக்கை கூடும், கூலியும் கூடும். கடைசியில் அந்தக் குறை அத்தையின் தொழுவத்தில் வந்து விழுகிறது.

எடை போட்டால் தண்ணீர் தெளித்துவிடுவார்களே என்று கேட்கிறார்கள். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீதம் வரை ஈரப்பதம் என்று கருவி வைத்துப் பார்க்கவில்லையா? நுனி வீட்டுக்கு, நடு மாட்டுக்கு. நுனிக்குக் கருவி இருக்கிறது, தராசு இருக்கிறது. அதே வயலில், அதே தண்ணீரில் விளைந்த நடுவுக்கு ஏன் இல்லை? சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இலேயே வந்துவிட்டது. தராசுகளுக்கு முத்திரையிடத் தொழிலாளர் துறையில் அலுவலர்கள் இருக்கிறார்கள். வைக்கோலைக் கிலோ கணக்கில் விற்க வேண்டும், எடைச் சீட்டு தர வேண்டும், பால் சங்க வாசலில் ஒரு பொதுத் தராசு வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.

கலப்படத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அவருக்கு என் நன்றி. சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. டெல்டா லாரிகள் விரைவில் நம் ஊருக்குள் வரும். அதற்குள் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். மனுவில் முதல் கைநாட்டு அத்தையுடையது. பந்தல் வாசலில் அதே தொங்கு தராசைக் கட்டியிருக்கிறோம். வீட்டில் கட்டு மிச்சம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கொண்டு வந்து நிறுத்துப் பார்த்துவிட்டு, எடையையும் பெயரோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். வணக்கம்.