தடை மட்டும் போதுமா? டெல்டா நிலமும் விவசாயியின் கணக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் சேர்ந்தன. எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை எல்லாம் புதிதாக வரக்கூடாது என்றார்கள். ஏற்கெனவே ஓடுகிற எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தொடவில்லை. சாலை, துறைமுகம், குழாய்ப்பாதைக்கும் விலக்கு உண்டு. ஆனாலும் உதவியது. 2023-ல் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி என்ற மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் ஏலத்துக்கு வந்தபோது மாநில அரசு இந்தச் சட்டத்தைக் காட்டி எதிர்த்தது. மூன்றும் கைவிடப்பட்டன.

சரி, அந்தத் தடைப்பட்டியலில் எங்கே தேடினாலும் வீட்டுமனை என்ற பெயர் கிடைக்காது. மீத்தேன் எரிவாயுத் திட்டத்துக்கு எதிராகப் பந்தலில் உட்கார்ந்த நாமே, பக்கத்து வயலில் மனைக்கல் நட்டால் என்ன விலை போகிறது என்றுதான் கேட்கிறோம்!

நஞ்சையில் மனை போட்டால் விற்றவரோடு அது முடிவதில்லை. மண்ணடித்து மேடாக்கியதும் வடிகால் அடைபடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடுத்த வயல் சம்பா மூழ்கும். இரண்டு வருடம் அழுகல் பார்த்தவர் மூன்றாவது வருடம் தாமே புரோக்கரைக் கூப்பிடுவார். மழைநீரைத் தேக்கி நிலத்தடிக்கு இறக்குகிற பரப்பும் குறையும். கடலோரக் கடைமடைக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, உப்பு ஏறிய போர்வெல் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

விற்பவரைத் திட்டவும் எனக்கு மனமில்லை. மகள் கல்யாணம், மகன் படிப்பு, கடன். எல்லாருடைய தண்ணீரையும் அவர் வயல் காக்கிறது. அதற்கு அவருக்கு யார் என்ன கொடுத்தோம்?

கேரளம் இதற்கு ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. அங்கே 1970-களில் 8 லட்சம் எக்டேருக்கு மேல் இருந்த நெல் பரப்பு, 2008-ல் 2.5 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. அந்த வருடம்தான் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். வேறு நிலமே இல்லாதவர் வீடு கட்ட, ஊராட்சியில் 10 சென்ட் வரை இடமும் விட்டார்கள். அப்புறம் 2020-ல், வயலை மாற்றாமல் வைத்திருப்பவருக்கு எக்டேருக்கு 2,000 ரூபாய் ராயல்டி என்ற ஊக்கத்தொகை அறிவித்தார்கள். நம் கணக்கில் ஒரு மாவுக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு, 270 ரூபாய். ஒரு நடவாள் கூலிக்கே காணாது! ஆனால் வயலைக் காப்பதற்கு அரசு சம்பளம் தரலாம் என்ற வழக்கத்தை அது தொடங்கி வைத்தது.

நம் மண்டலச் சட்டத்திலும் அதைக் கேட்க வேண்டும் என்கிறேன். பணம் எங்கே என்பார்கள். நஞ்சையை மனையாக்குகிறவரிடம் கனமான கட்டணம் வாங்கி, அதே பாசன வாய்க்காலில் பாயும் மற்ற வயல்களுக்குப் பிரித்துக் கொடுக்கட்டும். மழையில் நஷ்டப்படுவது அவர்கள்தானே?

யார் பெயரில் கொடுப்பது என்பதுதான் நமக்குள்ளேயே சண்டை வரக்கூடிய இடம். இங்கே கோயில் நிலம், மடத்து நிலம் ஏராளம். பட்டா ஒருவர் பெயரில், சேற்றில் நிற்பவர் வேறொருவர். வாய்மொழிக் குத்தகைக்குப் பத்திரமும் கிடையாது. என்னைக் கேட்டால் சாகுபடி செய்பவருக்குத்தான் முதலில் போக வேண்டும். மேடையிலேயே ஒரு நிலக்காரர் முகம் சுளிக்கிறார், பார்க்கிறேன். அவரும் பேசட்டும், ஒலிபெருக்கியைக் கொடுக்கிறேன்.