சார்லியின் தராசு

நடுவர் அவர்களே, அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஜிம் ஆப்ரஹாம்ஸ் செய்ததில் பெரியது நகைச்சுவைப் படங்களா, மருத்துவ ஆய்வுக்காக உழைத்ததா என்பது கேள்வி. எதிரணித் தோழி 1980-ல் வந்த 'ஏர்ப்ளேன்!' படத்தைச் சொல்லியே அரங்கைக் கலகலக்க வைத்துவிட்டார். எனக்கும் அந்தப் படம் உயிர்தான். ஆனால் அதை எழுதி இயக்க ஸக்கர் சகோதரர்கள் இருவரும் கூட இருந்தார்கள். 1993-ல் அவர் எதற்காக ஒரு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தார் என்பதைக் கொஞ்சம் கேளுங்கள்.

மகன் சார்லிக்கு அப்போது ஒரு வயதுதான். ஓயாமல் வலிப்பு. மருந்து மாற்றி மருந்து கொடுத்து, மூளையில் அறுவை சிகிச்சையும் செய்து பார்த்தும் நிற்கவில்லை. அந்த நிலையில் தகப்பனே புத்தகங்களைப் புரட்டித் தேடிப் பிடித்ததுதான் கீட்டோஜெனிக் உணவுமுறை. இன்று உடம்பு இளைக்க ஆளாளுக்குச் சொல்கிறார்களே, அந்தக் கீட்டோவின் மூலம் இதுதான். 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் வலிப்புக்கென்றே வகுத்தது, மாத்திரைகள் வந்ததும் ஓரங்கட்டப்பட்டது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் ஃப்ரீமன் என்ற மருத்துவரும் மில்லிசென்ட் கெல்லி என்ற உணவியல் நிபுணரும் அதைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். சார்லியை அங்கே கொண்டுபோனார்கள். நாலு பங்கு கொழுப்பு, மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்தே ஒரு பங்கு, குழந்தை வாயில் போகும் ஒவ்வொரு கவளமும் தராசில் கிராம் கணக்கு. சில நாட்களிலேயே வலிப்பு நின்றுவிட்டது!

சரி, பிள்ளை பிழைத்தான் என்று அவர் வீட்டோடு இருந்துவிடவில்லை. இப்படி ஒரு வழி இருப்பதை ஏன் யாரும் முன்பே சொல்லவில்லை என்ற ஆற்றாமை அவரை விடவில்லை. 1994-ல் சார்லி அறக்கட்டளையைத் தொடங்கி, பெற்றோருக்குத் தகவல், மருத்துவர்களுக்கும் உணவியல் நிபுணர்களுக்கும் பயிற்சி, ஆய்வுக்குப் பணம் என்று அலைந்தார். 2008-ல் லண்டனில் 145 குழந்தைகளை வைத்து நடந்த சோதனையில், இந்த உணவுக்கு மாறியவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, மாறாதவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். இத்தனை பலன் உள்ள ஒன்றையா நடுவர் அவர்களே இத்தனை வருடம் மறந்து கிடந்தார்கள்?

படத்தால் வந்த பெயர்தானே இதற்கெல்லாம் உதவியது என்பார்கள். உதவியது, நானே ஒப்புக்கொள்கிறேன். 1997-ல் அதே சினிமாவைக் கையில் எடுத்து, மெரில் ஸ்ட்ரீப்பைத் தாயாக நடிக்க வைத்து, இந்த உணவுமுறை பற்றியே தொலைக்காட்சிப் படம் எடுத்தார். சிரிப்புப் படம் இல்லை அது. அதில் மில்லிசென்ட் கெல்லி, மில்லிசென்ட் கெல்லியாகவே வருகிறார்.