உழவரை உயர்த்துவது விலையே

நடுவர் அவர்களே, மொரிசியஸ் வாழ் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

ஏழை உழவரை உயர்த்துவது கொடையுள்ளமா, நியாய விலையா என்ற கேள்விக்கு, விலையே என்று பேச வந்திருக்கிறேன். மெக்சிகோவின் பழங்குடி உழவர்களோடு வாழ்ந்த டச்சுக் குருவானவர் பிரான்ஸ் வான்டர்ஹாஃபைக் கொடைக்குச் சான்றாக எதிரணித் தலைவர் காட்டினார். அந்தக் குருவானவர் எங்கள் அணியின் சாட்சி என்பதை நிறுவுகிறேன்.

இறையியலும் பொருளியலும் கற்றறிந்த அவர், 1973இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அங்கிருந்து மெக்சிகோவுக்கு வந்தார். பின்னர் அந்நாட்டின் ஓஹாக்கா மாநில மலைகளில் குடியேறித் தாமும் காப்பி பயிரிட்டார். பழத்தைக் கையால் பறித்து, தோல் நீக்கி, புளிக்கவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து மூட்டை கட்டிய குடும்பம், 'கொயோட்டே' எனப்பட்ட இடைத்தரகர் சொன்ன விலைக்கே அதைக் கொடுத்தது. உழைப்பில் ஒரு குறையும் இல்லை. விலை சொல்லும் உரிமைதான் உழவரிடம் இல்லை. அங்கே அவர் அன்னதானக் கூடம் திறக்கவில்லை. உழவர்கள் 'உசிரி' என்ற ஒன்றியமாய்த் திரளத் துணைநின்றார். டச்சு வளர்ச்சி அமைப்பொன்றில் பணியாற்றிய நிக்கோ ரோசனுடன் சேர்ந்து 1988 நவம்பரில் நெதர்லாந்தில், உழவருக்கு நியாய விலை தந்து வாங்கிய காப்பி என்று காட்டும் 'மாக்ஸ் ஹாவெலார்' என்ற நியாய வணிக முத்திரையைத் தொடங்கினார். மறு ஆண்டே, எந்த நாடு எவ்வளவு காப்பி ஏற்றுமதி செய்யலாம் என வரையறுத்த பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை குலைந்து சந்தை விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. முத்திரையின் கீழ் விற்ற காப்பிக்கோ குறைந்தபட்ச விலை காவல் நின்றது. அந்த ஆண்டில் எந்தக் கொடையாளியின் மனம் உலகச் சந்தையைத் தடுத்திருக்கும்?

அன்பில்லாமலா அவர் அங்கே போனார் என்று கேட்பீர்கள். அன்போடுதான் போனார், அதை மனமார வணங்குகிறேன். ஆனால் அந்த அன்பு உழவரைக் கைநீட்ட வைக்கவில்லை, கணக்குப் பார்க்க வைத்தது.

நம் தீவுக்கே வருவோம். 1913 முதல் இங்கே கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. நியாய வணிகச் சான்று பெற்ற சங்கங்களின் கரும்புச் சர்க்கரைக்கு, அந்த முத்திரையில் விற்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 60 அமெரிக்க டாலர் கூடுதல் தொகை கிடைக்கிறது. சர்க்கரைக்குக் குறைந்தபட்ச விலை இல்லை என்பது எனக்கு வருத்தமே. அதற்காக இன்னும் போராட வேண்டும். ஆயினும் அந்தத் தொகையில் உரம் வாங்குவதா, நிலத்தைச் சீர்செய்வதா என்று உறுப்பினர்களே கூடி முடிவெடுக்கிறார்கள். தம் கொடையை எதற்குச் செலவிடுவது என்று பெறுபவரிடம் வாக்குக் கேட்ட கொடையாளி ஒருவரையேனும் எதிரணியினர் இம்மேடையில் காட்டட்டும்.